அப்பத்தாவை அலுங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

நர்ஸிங் கோட்பாடுகளைப் படிக்காமலேயே தாண்டிவிட்ட குடும்பங்களுக்கான கையேடு

மேட்டுப்பாளையத்தில் வயதானவர்களுக்கு வரும் வியாதிகளுக்கு என்று ஒரு மரியாதையான வரிசை உண்டு. முதலில் சர்க்கரை, அப்புறம் பிரஷர், அப்புறம் மூட்டுவலி. ஊட்டி ரோட்டில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்த மூன்றுக்கும் ஆலோசனை இலவசம். உங்கள் வீட்டு அப்பத்தா இந்த வரிசையை மதிக்காமல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் சிக்கல். அரசுக் காகிதங்களில் அதற்குத் தண்டுவட மரப்பு நோய் என்று பெயர். வீட்டுப் புழக்கத்தில் எம்.எஸ்.

உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மயலின் உறையைத் தாக்கிச் சிதைப்பதுதான் இந்த நோய். சேதம் எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்துக் கண் மங்கும், கால் இழுக்கும், கை நடுங்கும், சிறுநீர் அடங்காது, அல்லது வரவே வராது. 1868இல் பாரிஸ் மருத்துவர் சார்க்கோ இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். பெரும்பாலும் 20லிருந்து 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம் நாட்டில் அரிது. மங்களூர்ப் பகுதியில் எடுத்த ஒரு கணக்கில் லட்சத்துக்கு 8 பேர் அளவில்தான் தேறியது. இளவயதில் வந்து நோயோடு சேர்ந்தே முதுமையடைந்தவர்கள் உண்டு. 50க்கு மேல் புதிதாக வந்தவர்களும் உண்டு. இந்த இரண்டாம் ரகத்தாருக்கு ‘வயசானா அப்படித்தானுங்க’ என்ற தீர்ப்பிலேயே பல மாதங்கள் போய்விடும்.

முழுக்கக் குணப்படுத்த இன்னும் மருந்தில்லை, பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று 150 வருஷத்துக்கு மேலாகச் சிலர், பெரும்பாலும் பெண்கள், உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள். அதைத்தான் நர்ஸிங் தியரி என்கிறார்கள். கோவை வட்டாரத்து நர்ஸிங் மாணவிகள் அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள். நம் குடும்பங்களுக்கு அந்தச் சிரமம் எதற்கு? நாம்தான் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டோமே. அந்த முன்னேற்றங்கள் கீழே, படிப்படியாக.

தேவையான பொருட்கள்

அப்பத்தா: ஒருவர். வயது அறுபத்தெட்டு. குடும்பத்து உருளைக்கிழங்கு மண்டியின் சிட்டைகளை முப்பது வருஷம் சரிபார்த்தவர். எந்தக் கல்யாணத்தில் எந்த வீட்டார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று இன்றும் கேட்டால் சொல்வார். ஆகவே கேட்கக் கூடாது.

நர்ஸ்: ஒருவர். இவரை நியமிக்கும் முறை எளிது. மகன்கள், மகள்கள், மாப்பிள்ளைகள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசவும். அந்த நேரத்தில் அடுக்களையில் அத்தனை பேருக்கும் காப்பி போட்டுக்கொண்டிருக்கும் மருமகள் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுவார். சம்பளம், விடுமுறை, மாற்றாள் ஆகியவை நிகழ்ச்சி நிரலில் கிடையாது.

வாக்கர்: ஒன்று. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவுக்குப் பின்னால் வைக்கவும். வெளியே எடுத்தால் ஊர் என்ன பேசும்?

ஜன்னல்: இரண்டு. மூடி வைப்பதற்கு.

ஒறம்பரை: தேவையான அளவு.

படி 1: ஜன்னலைச் சாத்துங்கள்

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய ‘நோட்ஸ் ஆன் நர்ஸிங்’ புத்தகத்தின் முதல் அத்தியாயமே காற்றோட்டம் பற்றியது. நோயாளி இருக்கும் அறையின் காற்று வெளிக்காற்றைப் போலச் சுத்தமாக இருக்க வேண்டும், அதே சமயம் அவருக்குக் குளிரவும் கூடாது. நர்ஸின் முதல் வேலை இதுதான் என்றார் அந்த அம்மாள். லண்டன் குளிருக்குச் சொன்னது. அவர் மேட்டுப்பாளையத்தில் பங்குனி மாதம் இருந்து பார்த்ததில்லை.

நம் ஊருக்கு ஒரு விசேஷம். மேலே ஊட்டிக்காரர்கள் ஸ்வெட்டருக்குள் இருக்கும்போது அடிவாரத்தில் நாம் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருப்போம். இந்தச் சமயத்தில் ‘காத்து கீத்து அடிச்சு நரம்பு இன்னும் இழுத்துக்கும்’ என்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை ஒன்றில் வைத்து, அப்பத்தாவுக்குக் கம்பளியும் போர்த்துவது நமது பண்பாடு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து ஆவி பறக்கும் வெந்நீரில் குளிக்க வைப்பது அதற்கும் மேல்.

இந்த வெந்நீர் விஷயத்தில் நாம் மருத்துவ வரலாற்றுக்கே தொண்டு செய்கிறோம். 1890இல் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், எம்.எஸ். உள்ளவர்களுக்கு உடல் உழைப்புக்குப் பிறகு பார்வை தற்காலிகமாக மங்குவதைக் கவனித்தார். காரணம் சூடு என்பது பிறகு தெரிந்தது. உறை போன நரம்பில், உடம்பின் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே செய்தி சரியாகப் போய்ச் சேராது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வருவதற்கு முன்பு, சந்தேகமான நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து, கால் தள்ளாடுகிறதா, கண் மங்குகிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனையாக இருந்தது. ஸ்கேன் வந்ததும் டாக்டர்கள் அதை விட்டுவிட்டார்கள். நாம் சனிக்கிழமைதோறும் விடாமல் செய்கிறோம்.

குளித்து எழுந்த அப்பத்தா நிற்க முடியாமல் தொய்ந்தால் ‘எண்ணெ நல்லா உள்ள எறங்கியிருக்கு’ என்று சொல்லவும். கழுத்தில் ஈரத்துண்டு, விடிகாலையில் மிதமான தண்ணீரில் குளியல், வெயில் நேரத்தில் மடக்கு மடக்காகக் குளிர்ந்த தண்ணீர், திறந்த ஜன்னல் என்று ஏதாவது செய்தால் உடம்பு சூடு தணிந்து கால் பழையபடி நிற்கத் தொடங்கிவிடும். அப்புறம் பரிசோதனை வீணாகிவிடும்.

படி 2: கையில் இருப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்

காலை ஆறரை. எவர்சில்வர் டம்ளரில் காப்பி. அப்பத்தா இரண்டு கையாலும் பிடிக்கிறார். டம்ளர் மடியில் இருக்கும்வரை கை அமைதியாகத்தான் இருக்கிறது. தூக்கி வாயை நோக்கிக் கொண்டுபோகும்போது நடுக்கம் ஆரம்பிக்கிறது. உதடு நெருங்க நெருங்கக் கூடுகிறது. காப்பி விளிம்பில் அலைந்து இரண்டு சொட்டு சேலையில் விழுகிறது. மகன் பாய வேண்டிய தருணம் இதுதான்.

“குடுங்கம்மா, நான் புடிச்சுக்கறேன்.”

“உடு கண்ணு, நானே குடிச்சுக்குவேன்.”

“சேலையெல்லாம் ஆச்சு பாருங்க. குடுங்க.”

வாங்கியாயிற்று. நாளையிலிருந்து டம்ளரையே கொடுக்க வேண்டாம், நாமே புகட்டிவிடலாம். அடுத்த வாரம் சீப்பு. அதற்கடுத்த வாரம் சேலைக் கொசுவம், நைட்டி போதும். மாதக் கடைசியில் வங்கிப் புத்தகம்.

அமெரிக்க நர்ஸ் டொரோத்தியா ஓரெம் 1971இல் வெளியிட்ட புத்தகத்தில் இதையெல்லாம் தேவையில்லாமல் சிக்கலாக்கியிருக்கிறார். மனிதர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள விரும்புகிறவர்; அது முடியாமல் போகும் இடத்தில் மட்டுமே நர்ஸுக்கு வேலை என்பது அவர் வாதம். அதற்கு மூன்று முறைகள் வைத்தார். சுத்தமாக முடியாதவருக்கு எல்லாவற்றையும் நாமே செய்வது ஒன்று. பாதி அவர், பாதி நாம் என்பது இரண்டு. அவரே செய்துகொள்வார், நாம் சொல்லிக்கொடுத்துப் பக்கத்தில் நின்றால் போதும் என்பது மூன்று. ஒரே ஆளுக்கே குளியலில் ஒரு முறையும், சாப்பாட்டில் வேறு முறையும் பொருந்தலாம். எம்.எஸ். விஷயத்தில் காலையில் ஒன்றும் சாயங்காலம் இன்னொன்றுமாக மாறவும் செய்யும்.

மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு ஓரெமைப் புரிய வைக்கப் புத்தகம் வேண்டாம், ஸ்டேஷனுக்குப் போனால் போதும். 1899 முதல் குன்னூருக்கு மலை ரயில் ஏறுகிறது. கல்லாறு வரை தரை சமம்; இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடும். கல்லாறு தாண்டி, பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்று ஏற்றம் நிமிரும்போதுதான் தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பல்சட்டத்தைப் பற்சக்கரம் கவ்வுகிறது. குன்னூர் தாண்டி ஊட்டி வரைக்கும் பல் கிடையாது. கல்லாறு தாண்டிய அந்தப் பல்சட்ட ஏற்றத்திலும் இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது. நம் வீடுகளில்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரைக்கும் பல்சட்டம் போட்டு, வண்டியையும் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

பாதி டம்ளர் மட்டும் ஊற்றுவது, மூடி போட்ட கனமான கோப்பை வாங்குவது, முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றிக்கொள்ளச் சொல்வது போன்ற வழிகளில் நடுக்கம் இருந்தாலும் காப்பி வாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் உங்கள் பாசத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவீர்கள்? யோசித்துக்கொள்ளவும்.

படி 3: தண்ணீரைக் குறையுங்கள்

இன்னொரு நர்ஸான வெர்ஜினியா ஹெண்டர்சன் மனிதருக்குப் பதினான்கு தேவைகள் என்று பட்டியல் போட்டார். மூச்சு, உணவும் தண்ணீரும், கழிவு, நடமாட்டம், தூக்கம், உடை, உடல் வெப்பம், சுத்தம், ஆபத்திலிருந்து காப்பு, மனதில் உள்ளதைச் சொல்வது, வழிபாடு, வேலை, பொழுதுபோக்கு, புதிதாக எதையாவது கற்பது. பதினான்கை நம்மால் ஞாபகம் வைக்க முடியாது. ‘சாப்ட்டீங்களா’ என்ற ஒன்றே போதும் என்று சுருக்கிக்கொண்டோம்.

அதிலும் மூன்றாவது தேவை நமக்குத் தொந்தரவு. எம்.எஸ்.ஸில் சிறுநீர்ப்பை சொன்ன பேச்சு கேட்காது. ‘இப்பவே போகோணும்’ என்று அவசரப்படுத்தும். போய் உட்கார்ந்தால் முழுக்க வெளியேறாமல் பாதி தங்கிவிடும். ராத்திரி மூன்று தடவை எழுப்புவார்கள். ஆகவே சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தவும்.

விளைவுகள் வரிசையாக வரும். சிறுநீர் தடித்து மஞ்சளாகும். தேங்கியதில் கிருமி சேரும். காய்ச்சல் அடிக்கும். காய்ச்சலில் உடம்பு சூடாகும். சூடானால் என்ன ஆகும் என்று படி 1இல் பார்த்தோம்: நேற்று நடந்தவர் இன்று எழுந்து நிற்க மாட்டார். ‘நோய் முத்திப்போச்சு’ என்று எல்லோருக்கும் போன் போடவும். உண்மையில் அது புதுத் தாக்குதலே அல்லாமல், சிறுநீர்த் தொற்று கிளப்பிவிட்ட பொய்த் தாக்குதலாக இருக்கக்கூடும். சிறுநீரைப் பரிசோதித்துத் தொற்றுக்கு மருந்து கொடுத்தால் பழைய நிலைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. திரும்பிவிட்டால் போன் போட்டதெல்லாம் என்ன ஆவது?

பகல் முழுக்கத் தண்ணீரைப் பரவலாகக் குடிக்க வைத்து, படுக்கப்போகுமுன் மட்டும் கொஞ்சம் குறைத்து, அவசரம் வரும்வரை காத்திராமல் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை போகப் பழக்கலாம். முழுக்கப் போகாவிட்டால் டாக்டரிடம் காட்டலாம். இவை சோம்பேறிகளின் வழி. நாம் செய்ய வேண்டியது, கொல்லைப்புறக் கழிவறைக்குப் போகும் வழியில் நிலைப்படியை உயரமாக வைப்பது, விளக்கை அணைப்பது, சோப்புத்தண்ணீரைத் தேங்கவிடுவது. பலமுறை ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்ட, வயதான, மெலிந்த எலும்புக்கு ஒரே ஒரு வழுக்கல் போதும். சுவரில் ஒரு பிடிகம்பி அடிக்கக் கொத்தனாருக்கு அரை நாள் வேலை. டைல்ஸ் கெட்டுவிடும் அல்லவா?

படி 4: அவரைப் பற்றிப் பேசுங்கள், அவரிடம் பேசாதீர்கள்

ஹில்டகார்ட் பெப்லாவ் எழுதிய நர்ஸிங் உறவுகள் பற்றிய புத்தகம் 1952இல் வெளிவந்தது. நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவே உண்டாகும் உறவுதான் சிகிச்சையின் அடித்தளம் என்றது அது. கையெழுத்துப் பிரதி நான்கு வருஷம் முன்பே தயார். ஒரு நர்ஸ் மட்டும் தனியாக எழுதினால் எப்படி, கூடவே ஒரு டாக்டர் பெயரும் வேண்டாமா என்று அன்றைய பதிப்புலகம் தயங்கியதில் தாமதமானது. தனக்குத் தெரிந்ததைத் தானே சொல்ல ஆண் துணை வேண்டும் என்ற அந்த நடைமுறையை நம் வீடுகள் இன்றும் கைவிடவில்லை.

டாக்டர் கேட்பார்: “எப்படி இருக்கீங்கம்மா?” அப்பத்தா வாயைத் திறப்பதற்குள் மகன், “பரவால்லீங்க சார், நேத்துதான் கொஞ்சம் சோர்வா இருந்தாங்க” என்று முடித்துவிட வேண்டும். எம்.எஸ். சிலருக்கு யோசனையின் வேகத்தைக் குறைக்கும். அறிவு அப்படியே இருக்கும். பதில் கோத்துக் கொண்டுவரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுத்தால் ‘இடது கால் ராத்திரியில தானா வெட்டி இழுக்குதுங்க, தூங்க முடியறதில்லைங்க’ என்று சொல்லிவிடுவார். டாக்டர் தசை இறுக்கத்துக்கு மருந்தை மாற்றிவிடுவார். அப்புறம் வீட்டில் எல்லோரும் தூங்குவார்கள். இவ்வளவு பெரிய மாற்றத்துக்குக் குடும்பம் தயாரா என்று முதலில் பார்த்துக்கொள்ளவும்.

படி 5: நல்லா இருக்கும் நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்

எம்.எஸ்.ஸில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் தொல்லை அசதி. வேலை செய்து வரும் களைப்பல்ல. தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும். ஸ்கேனைக் காட்டி நிரூபிக்கவும் முடியாது. பல பேருக்குக் காலையில் தெம்பு, மத்தியானத்துக்கு மேல் ஒன்றுமில்லை.

கத்தோலிக்கக் கன்னியாஸ்திரியும் நர்ஸுமான கலிஸ்டா ராய் 1970இல் முன்வைத்த கோட்பாடு இதற்குப் பொருந்தும். மனிதர் சூழலுக்குத் தக்கபடி தம்மை மாற்றி அமைத்துக்கொண்டே இருப்பவர். அந்தத் தகவமைப்பு நான்கு தளங்களில் நடக்கிறது: உடம்பு, தன்னைப் பற்றிய எண்ணம், வகிக்கும் பொறுப்பு, மற்றவரோடு உள்ள பிணைப்பு. நர்ஸின் வேலை அதற்குக் குறுக்கே நிற்பவற்றை விலக்குவது.

நம் முறை வேறு. அப்பத்தா ஒரு நாள் காலையில் முகம் தெளிந்து உட்கார்ந்திருந்தால் உடனே கார் வரட்டும். தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன், அங்கிருந்து காரமடை அரங்கநாதர், வழியில் வங்கி, சிறுமுகையில் ஒரு சேலை, ஒரு சீர் வீடு, கடைசியில் பிசியோதெரபி. மறுநாள் அவரால் படுக்கையில் புரள முடியாது. ‘நேத்து நல்லாத்தானே இருந்தீங்க, இன்னிக்கு என்ன வந்துச்சு?’ என்று கேட்கவும். கேள்வியில் லேசான சந்தேகம் தொனிக்க வேண்டும்.

உடம்புக்கு இவ்வளவு. மீதி மூன்று தளங்களுக்கும் சேர்த்து ஒரே மருந்து: மொய் நோட்டை எடுத்துப் பரணில் வையுங்கள். ‘உங்களுக்கு எதுக்கும்மா இந்தக் கவலையெல்லாம்?’ என்று அன்பாகச் சொல்லவும். முப்பது வருஷம் ஒரு வீட்டின் கணக்கை வைத்திருந்தவர் இனி யார் என்ற கேள்விக்கு, ‘நோயாளி’ என்ற பதிலைத் தவிர வேறு எதுவும் மிச்சமிருக்கக் கூடாது.

படி 6: ஒறம்பரையை உள்ளே விடுங்கள்

நைட்டிங்கேல் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்க நலம் விசாரிக்க வருகிறவர்களைப் பற்றியது. வெறும் நம்பிக்கைப் பேச்சும் கேட்காத யோசனையும் நோயாளியை எப்படி வதைக்கின்றன என்று கோபத்தோடு எழுதியிருக்கிறார். கிரிமியப் போரிலிருந்து திரும்பியபின் அவரே பல வருஷம் படுக்கையறைக்குள் கிடந்து வேலை பார்த்தவர். விசாரிக்க வருகிறவர்களைக் கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

வருகிறவர்கள் இரண்டு ரகம். ‘ஒண்ணும் ஆகாதுங்க, எந்திரிச்சு ஓடப்போறீங்க பாருங்க’ ரகம் ஒன்று. ‘எங்க சித்தப்பாருக்கும் இதே மாதிரித்தான், ஆறே மாசம்’ ரகம் இன்னொன்று. ஒரே மத்தியானத்தில் இருவரையும் அடுத்தடுத்து உட்கார வைத்தால் பலன் அதிகம். மெர்ல் மிஷல் என்ற நர்ஸிங் அறிஞர் 1988இல் நோயில் வரும் நிச்சயமின்மை பற்றி ஒரு கோட்பாடு எழுதினார். அடுத்து என்ன ஆகும் என்று தெரியாத நிலையே ஒரு தனிப் பாரம் என்றார். 1990இல் அதைத் திருத்தி, நாள்பட்ட நோயில் அந்த நிச்சயமின்மையோடேயே வாழக் கற்றுக்கொண்டு, வாழ்க்கையைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களும் உண்டு என்று சேர்த்தார். நாளைக்குக் கால் எப்படி இருக்கும் என்று டாக்டருக்கே தெரியாத நோய் இது. சித்தப்பாரின் உறவினருக்கு மட்டும் தெரியும்.

இவர்களில் ஒருவர் கட்டாயம் ஒரு நரம்பு வைத்தியரின் முகவரியோடு வருவார். அங்கே ‘இங்கிலீஷ் மருந்தை இன்னிக்கே நிறுத்தோணும்’ என்பார்கள். தசை இறுக்கத்துக்குப் பேக்லோஃபென் மாத்திரை தொடர்ந்து எடுப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனப்பிரமையும் வரக்கூடும்; டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இதை வைத்தியரின் எண்ணெய்ப் பாட்டிலில் எங்கேயும் அச்சடித்திருக்காது.

படி 7: ரெக்கார்டு நோட்டு (மாணவிகளுக்கு மட்டும்)

சமுதாய நர்ஸிங் பயிற்சிக்கு வீடு வீடாகப் போகும் தங்கைக்கு ஒரு குறுக்குவழி. சீனியர் அக்காவின் நோட்டை வாங்கி, பெயர், வயது, முகவரி மூன்றை மட்டும் மாற்றவும். கோட்பாட்டைப் பொருத்தும் பக்கத்தில் ஓரெமின் படத்தைக் கலர் பென்சிலால் வரையவும். அதற்குத் தனி மார்க். ‘மதிப்பீடு’ கட்டத்தில் ‘நோயாளி ஓரளவு தேறினார்’ என்று வீட்டுக்குப் போவதற்கு முன்பே எழுதிவிட்டால் பஸ்ஸைப் பிடிக்க வசதி.

அப்பத்தா, “ஏஞ்சாமி, எழுதறத உட்டுட்டுச் சித்தெ உக்காந்து பழமை பேசேன்” என்று கூப்பிட்டால் ஏமாந்துவிட வேண்டாம். உட்கார்ந்து பேசினால், மூன்று நாளாக ஒரு பக்கமே படுத்திருப்பதால் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்திருப்பதைச் சொல்லிவிடுவார். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லி மருமகளுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டிவரும். படம் வரைய நேரம் இருக்காது.

சந்தேகங்களும் விளக்கங்களும்

*எழவு வீட்டில் அப்பத்தா சத்தமாகச் சிரித்துவிட்டார். மானம் போயிற்று. என்ன செய்வது?*
மூளையில் உணர்ச்சி வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் பாதை சேதப்பட்டால், மனதில் துக்கம் இருக்கும்போதே சிரிப்பு வரும். காரணமில்லாமல் அழுகையும் வரும். டாக்டரிடம் சொன்னால் மருந்து உண்டு. ஆனால் நாம் அவரை இனி எங்கேயும் அழைத்துப் போகாமல் இருந்துவிடலாம். செலவு குறைவு.

*தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறார். முதுகில் தட்டலாமா?*
பழைய முறைப்படி தலையணையில் சாய்த்துப் படுக்க வைத்தே புகட்டவும். நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறு சிறு மடக்காகக் கொடுத்தால் பலருக்கு இருமல் குறையும். விழுங்குவதில் கோளாறு என்றால் பேச்சுப் பயிற்சியாளர் பார்க்க வேண்டும். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா.

*மருமகளுக்கு இடுப்பு வலி. அவரை யார் பார்ப்பது?*
இந்தக் கேள்வி கோட்பாட்டுக்கு அப்பாற்பட்டது. அடுத்த கூட்டத்தில் பேசலாம். அவர் காப்பி போட்டு முடிக்கட்டும்.

கையேட்டை மூடி வைத்த பிறகு

விளையாட்டு போதும். மேலே பெயர் வந்த பெண்கள் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதியதைப் பிழிந்தால் கிடைப்பது ஒரே கேள்வி: ‘இதில் எவ்வளவு உங்களால் முடியும், மீதிக்கு நான் என்ன செய்யட்டும்?’ எம்.எஸ். அந்தப் பதிலை நாளுக்கு நாள் மாற்றும்; வயது இன்னும் கொஞ்சம் மாற்றும். ஆகவே ஒரு தடவை கேட்டுவிட்டு விடக்கூடிய கேள்வி அல்ல. நோய் நரம்பிலிருந்து எடுத்துக்கொள்வதைத் தடுக்க நம்மால் முடியாமல் போகலாம். நம் பாசம் கையிலிருந்து பிடுங்குவதை நாம் நினைத்தால் நிறுத்திவிடலாம்.

வெளியிலிருந்து கிடைக்கும் உதவியையும் கேட்டு வாங்குங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் ஒன்று. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இந்த நோயாளிகளில் தகுதியுள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். 1985இல் தொடங்கிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையில் கிளை உண்டு. இதே நோயோடு வாழும் மற்றவர்களிடம் பேச அது ஒரு வழி.

நாளைக் காலை அந்தக் கேள்வியைக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுங்கள்; அவர் கோத்துச் சொல்ல நேரம் பிடிக்கும். அப்பத்தாவிடம் கேட்டு முடித்த கையோடு அதே கேள்வியை அடுக்களைக்குள் போய் மருமகளிடமும் கேட்டுவிடுங்கள். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.